அக்குளில் கை வைத்துப் பாருங்கள்

வார்டு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஏதாவது பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பத்துப் பேர் முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயாவாக இருந்தும் அது மாறவில்லை. முழங்கால் தேய்ந்து வேலையை விட்ட நாளில் போட்ட மாலையைக்கூடக் கழுத்தில் வாங்காமல் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தவள் நான். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். படிப்பு பத்தாவது வரைதான். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷீட் மாற்றுவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, பெட்பேன் வைப்பது எல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கே கைவந்துவிடும். நான் சொல்ல வந்தது வேறு. இல்லாததைப் பார்த்துக்கொண்டும் இல்லாத ஆளோடு பேசிக்கொண்டும் சிலர் வருவார்கள். அவர்களில் ஒருவரிடம் நான் சரியாக நடந்துகொண்டேன். அந்தப் பாடத்தையே பிடித்துக்கொண்டு இன்னொருவரிடம் தப்பு செய்தேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் புரியும்.

நான் இருந்தது அல்சூர்ப் பக்கம் ஒரு நர்சிங் ஹோம். இப்போது அது இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஊரெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து, தமிழ்நாட்டுப் பையன்கள் கூட்டம் கூட்டமாக அறை எடுத்துத் தங்க ஆரம்பித்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அப்படி ஒரு பையனை அவன் நண்பன் ஆட்டோவில் தூக்கி வந்தான். கரூர்ப் பக்கத்துப் பையன். யாரோ ஒருவர் வீட்டில், தபால்தலையில் பாதிகூட இல்லாத ஒரு காகிதத் துண்டை நாக்கில் வைத்திருக்கிறான். அதில் ஏதோ மருந்து தோய்த்திருந்ததாம். அதன் பெயரை அன்றைக்குத்தான் நான் முதலில் கேட்டேன்.

பையன் கண்ணின் கருமணி கண் முழுவதும் விரிந்திருந்தது. தாடை இறுகி, உடம்பு நடுங்கி, சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. ட்யூப் லைட் தன்னைப் பார்த்துக் கத்துகிறது என்று காதைப் பொத்திக்கொண்டான். எங்களிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. திமிறுகிறவன் வந்தால் முதல் வேலையாக பேண்டேஜ் துணியால் கை இரண்டையும் கட்டில் கம்பியில் கட்டிவிடுவோம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கட்டினேன். ஊசி போட்டுவிட்டு டாக்டர் அடுத்த கேஸைப் பார்க்கப் போனார்.

கட்டின பிறகு அவன் இரண்டு மடங்கு திமிறினான். மணிக்கட்டில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. யாரையும் கேட்காமல் அவிழ்த்துவிட்டேன். துணிச்சலால் செய்யவில்லை, கேட்கக் கூச்சப்பட்டுத்தான் கேட்காமல் செய்தேன். விளக்கை அணைத்து, திரையை இழுத்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பக்கா முடியும்?" என்று நூறு தடவை கேட்டிருப்பான்.

நானும் சளைக்காமல், "சாயங்காலம் காபி வர்றதுக்குள்ள சரியாயிடும் ராஜா," என்று நூறு தடவை சொன்னேன்.

காபி வந்தபோது அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு அமைதியாகப் படுத்திருந்தான். மறுநாள் போய்விட்டான்.

ஒரு வாரம் கழித்து அவனே திரும்பி வந்தான், மணிக்கட்டில் கட்டு மாற்ற. தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினான். அன்றைக்குச் சுவர் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கியதாம். தன் கையே வேறு யாருடையதோ போலத் தெரிந்ததாம். நான் பேசியது காதில் விழுவதற்கு முன்னால் நிறமாகக் கண்ணில் தெரிந்ததாம். "ஆனா ஆஸ்பத்திரில இருக்கேன்னு தெரியும்க்கா. நீங்க யாருன்னும் தெரியும். நடக்கிறது பூரா அந்தப் பேப்பரால வந்ததுன்னும் உள்ளுக்குள்ள ஒருத்தன் சொல்லிக்கிட்டே இருந்தான். கைய கட்டினீங்க பாருங்க, அப்பதான் அவனும் போயிட்டான்," என்றான்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவன் சிரித்துக்கொண்டே, "காபின்னு சொன்னீங்களே, அதப் புடிச்சுக்கிட்டுதான் கரையேறினேன்," என்றான். இன்னும் சில நேரம் வெள்ளைச் சுவரைப் பார்த்தால் லேசாக அசைகிற மாதிரி இருக்கிறது, பயமாக இருக்கிறது என்றும் சொன்னான். டாக்டரிடம் சொல்லச் சொல்லி உள்ளே அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அந்த மாதிரி யார் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு வருஷத்தில் ஏழெட்டுப் பேர் வந்திருப்பார்கள். விளக்கை அணைப்பேன், கையைப் பிடித்துக்கொள்வேன், சாயங்காலம் சரியாகிவிடும் என்பேன். பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஒரே ஒரு கல்லூரிப் பையனுக்குச் சரியாகவில்லை. அவனை மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்து, புத்தி நிலைப்பட மாதக்கணக்கானது என்று பிறகு கேள்விப்பட்டேன். எல்லாரும் ஒரு சாயங்காலத்தில் திரும்பி வந்துவிடுவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனாலும் எனக்குள் கர்வம் வந்துவிட்டது. வாயில்லாப் பூச்சியாக இருந்தவளுக்கு ஒரு வித்தை தெரியும் என்று நாலு பேர் சொன்னால் வராமல் இருக்குமா?

இனிமேல் சொல்லப்போவது என் தப்பு.

கணேஷ் ஹப்பத்துக்கு, அதாவது பிள்ளையார் சதுர்த்திக்கு, முந்தின நாள் பகல் இரண்டரை மணி இருக்கும். ஒருவன் தன் மனைவியைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்தான். போளூர்ப் பக்கத்து ஜோடி, கல்யாணமாகி ஆறேழு மாதம். அவன் ஒரு கம்பெனியில் ராத்திரி செக்யூரிட்டி. அவளுக்கு ஊர் புதிது, பாஷை தெரியாது, அக்கம்பக்கத்தில் யாரோடும் பழக்கமில்லை. டூட்டி முடிந்து வந்து சாப்பிடாமலே தூங்கினவன் எழுந்து பார்த்தால், அவள் அடுப்படியில் உட்கார்ந்து காற்றிலிருந்து எதையோ பறித்துப் பறித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாளாம்.

முகம் சிவந்து, கண் மணி விரிந்து, குரல் கரகரத்திருந்தது. "செல்வி, இங்க வா, இத வாங்கிக்க," என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். செல்வி ஊரில் இருக்கிற அவள் தங்கை என்று புருஷன் சொன்னான்.

டூட்டி டாக்டர் கன்னடக்காரர், சின்ன வயசு, நல்ல மனுஷர். குடித்தாளா, மாத்திரை ஏதாவது போட்டாளா என்று கேட்டார். இல்லை என்றான். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டதற்குக் கீரைக்குழம்பும் சோறும் என்றான். எல்லார் வீட்டுச் சாப்பாடும் அதுதானே. யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. புது ஊர், தனிமை, மனசு பேதலித்திருக்கிறது என்று டாக்டர் மனநல ஆஸ்பத்திரிக்கு லெட்டர் எழுதினார். பண்டிகை நெரிசலில் ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். புருஷன் அந்த லெட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பைத்தியமா சார்?" என்று மட்டும் கேட்டான். டாக்டர் பதில் சொல்வதற்குள் ரோட்டில் அடிபட்ட இரண்டு பேரைத் தூக்கி வந்தார்கள். அவர் அங்கே ஓடினார்.

"வண்டி வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன் சார்," என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

வித்தைக்காரி அல்லவா? விளக்கை அணைத்தேன். திரையை இழுத்தேன். புருஷனை வெளியே உட்காரச் சொன்னேன். அவள் கையைப் பிடித்து, சாயங்காலம் சரியாகிவிடும் கண்ணு என்றேன். அவள் கண் என் பக்கம் திரும்பியது. ஆனால் பார்வை என் மேல் நிற்கவில்லை, என்னைத் தாண்டிப் போய்விட்டது. என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, காம்பு கிள்ளுகிற மாதிரி கிள்ளினாள். பிறகு எனக்குப் பின்னால் நின்ற யாரோடோ பேசினாள். நான் யார் என்று கேட்டேன், செல்வி என்றாள். இது எந்த இடம் என்று கேட்டேன், செல்வியிடமே ஏதோ சொன்னாள். கரூர்ப் பையன் சொன்னானே, உள்ளுக்குள் ஒருத்தன் என்று, அப்படி ஒருத்தி இவளுக்குள் இல்லவே இல்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பயம் அதிகம், அதனால் நேரமாகிறது என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் கேட்டாள். கொடுத்தால் விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. அதையும் பயம் என்றே நினைத்தேன்.

இப்படி இரண்டு மணி நேரம் போனது. இரண்டு மணி நேரமும் நான் அன்பாகத்தான் இருந்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குத் தாங்குவதில்லை.

அவள் கட்டிலில் சரிந்து சரிந்து கீழே வந்துவிட்டாள். மேலே இழுத்துவிட, பின்னாலிருந்து இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினேன். நாம் ஒரு நாளைக்கு முப்பது தடவை செய்கிற வேலை. கை கொடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இஸ்திரி போட்டு எடுத்த துணி மாதிரி இருந்தது அந்த இடம். சூடு, ஒரு சொட்டு ஈரம் இல்லை. அந்தக் காகிதப் பையன்கள் அத்தனை பேரையும் நான் இப்படித் தூக்கியிருக்கிறேன். ஒவ்வொருவன் அக்குளும் நனைந்து வழுக்கும். பயந்த உடம்பு வேர்க்கும், திமிறின உடம்பும் வேர்க்கும். இவள் இரண்டு மணி நேரமாகக் கையை ஓய்க்காமல் பறித்துக்கொண்டிருக்கிறாள், உடம்பு கொதிக்கிறது, வேர்வை மட்டும் இல்லை. உதடு, நாக்கு எல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. கண் மணி விரிந்திருந்ததைப் பார்த்து அதே கேஸ் என்று எண்ணி ஏமாந்துவிட்டேன். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். அடிவயிறு உப்பி, தொட்டால் கல்லாக இருந்தது. வெளியே ஓடி, காலையிலிருந்து பாத்ரூம் போனாளா என்று புருஷனிடம் கேட்டேன். நான் எழுந்ததிலிருந்து போகவில்லை என்றான்.

டாக்டர் ரூம் வாசலில் போய் நின்றேன். உள்ளே அடிபட்டவனுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் ஒருவர், சொந்தக்காரர் நாலு பேர், நர்ஸ், எல்லாரும் இருந்தார்கள். நான் ஆயா. என்னவென்று சொல்வேன், அக்குள் காய்ந்திருக்கிறது என்றா? வாயைத் திறக்காமல் திரும்பினேன். அவளைப் பார்த்துவிட்டு மறுபடி போனேன், மறுபடி திரும்பினேன். என் கூச்சம் பத்து நிமிஷத்தைத் தின்றது. மூன்றாம் தடவை போகும்போது அவள் கை பறிப்பதைக்கூட நிறுத்தியிருந்தது. அப்போதுதான் குரல் வந்தது.

"சார், அந்தப் பொண்ணுக்கு அக்குள்ல வேர்வையே இல்ல."

எல்லாரும் திரும்பினார்கள். போலீஸ்காரர் சிரித்தார். டாக்டர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "லெட்டர் எழுதியாச்சே அக்கா, இன்னேனு?" என்றார் எரிச்சலாக. இன்னும் என்ன என்று கேட்கிறார்.

"உடம்பு நெருப்பா கொதிக்குது சார். ஆனா காஞ்சு கெடக்கு. யூரின் போகல, வயிறு கல்லு மாதிரி இருக்கு. இது மனசு இல்ல சார்."

கடைசி வார்த்தையை எப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தையலை நர்ஸிடம் முடிக்கச் சொல்லிவிட்டு கையுறையைக் கழற்றிக்கொண்டே நடந்தார். நாடியைப் பிடித்தார், கண்ணில் டார்ச் அடித்தார், அவரும் அக்குளில் கை வைத்துப் பார்த்தார். பிறகு புருஷனைக் கூப்பிட்டு, அந்தக் கீரை என்ன கீரை என்று கேட்டார்.

அவனுக்குப் பெயர் தெரியவில்லை. "காலைல டூட்டி முடிஞ்சு சிவாஜிநகர்ல பஸ் மாறினேன் சார். மார்க்கெட்ல ஜனமெல்லாம் கட்டு கட்டா வாங்கிட்டுப் போனாங்க. பல தினுசு எலை சேத்துக் கட்டியிருந்திச்சி. இந்த ஊரு கலவைக்கீரை போலிருக்குன்னு நானும் ஒண்ணு வாங்கியாந்தேன். அவளுக்குக் கீரைன்னா உசுரு," என்றான்.

ட்ரிப் போட வந்த வேறொரு நர்ஸ், கன்னடக்காரர், பாட்டிலும் கையுமாக நின்றுவிட்டார். "நாளைக்கு ஹப்ப அல்லவா? அது கணேஷனுக்கு வைக்கிற பத்ரெ, பூஜை இலை. சாமிக்குப் போடறது, சாப்பிடறது அல்ல," என்றார்.

உங்களில் ஊருக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். பண்டிகைக்கு முந்தின நாள் இங்கே மார்க்கெட்டில் இருபத்தொரு வகை இலையைச் சேர்த்துப் பூஜைக்கென்று கட்டி விற்பார்கள். பார்த்தால் கலவைக்கீரைக் கட்டு போலத்தான் இருக்கும். பிள்ளையாருக்கு ஆகிற இலை எல்லாம் மனுஷருக்கு ஆகாது. டாக்டர் அவனை வீட்டுக்கு அனுப்பி, மிச்சம் மீதியை எடுத்துவரச் சொன்னார். ஆட்டோவில் போய் ஒரு முறத்தோடு வந்தான். அவள் கெட்டியான இலை, நார் இலை எல்லாவற்றையும் பொறுக்கி ஒதுக்கியிருந்தாள். மெத்தென்று இருந்ததை மட்டும் ஆய்ந்து சமைத்திருக்கிறாள். நல்ல குடித்தனக்காரி. முறத்தின் ஓரத்தில் ஆயாமல் விட்ட ஓர் இலை, ஓரம் வளைந்து வளைந்து, வாடிக் கிடந்தது. எனக்கே தெரிந்தது அது ஊமத்தை என்று.

காகிதப் பையன்களின் மருந்து மனசைப் புரட்டிப்போடுகிறது. பெரும்பாலும் உடம்பு பதறினாலும் தாங்கிக்கொள்கிறது. ஊமத்தை அப்படி இல்லை. தான் பார்ப்பது பொய் என்று தெரிய ஆள் உள்ளே இருக்காது. அதோடு வேர்வையை நிறுத்தி, வாயை உலர்த்தி, மூத்திரத்தை அடைத்து, இருதயத்தை ஓட ஓட விரட்டும். உடம்பு தன் சூட்டிலேயே வெந்துபோகும். டாக்டர் எனக்கு இப்படித்தான் விளக்கினார். இன்னும் ஒரு மணி நேரம் அந்த இருட்டில் விட்டிருந்தாலோ, அந்த வண்டியில் ஏற்றி நெரிசலில் நிறுத்தியிருந்தாலோ அவள் பிழைத்திருப்பாளா தெரியாது.

குழாய் போட்டதும் யூரின் பை சட்டென்று நிறைந்தது. ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டோம். டாக்டர் வீட்டுக்குப் போகவில்லை, நானும் போகவில்லை. விடியும்போது துணி மாற்ற அவள் கையைத் தூக்கினேன். அக்குளில் பிசுபிசுவென்று ஈரம் தட்டியது. டாக்டரிடம் சொன்னேன். அவர் அந்த லெட்டரை வாங்கி நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, "நானும் கேட்கலையே அக்கா, என்ன கீரைன்னு," என்றார்.

மறுநாள் மதியம்தான் அவளுக்கு முழு நினைவு வந்தது. எழுத்து கலங்கலாகத் தெரிகிறது என்றாள். அது சில நாளில் சரியாகும் என்று சொன்னோம். நடந்தது எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் தன்னை ஒரு மாதிரி பார்ப்பது மட்டும் தெரிந்திருக்கிறது. நான் தலைவாரிவிடும்போது மெதுவாகக் கேட்டாள்.

"யக்கா, எனக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சா?"

சீப்பை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். இலை, மார்க்கெட், முறம் எல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு, "நானும் மொதல்ல மனசுன்னுதான் நெனச்சேம்மா. ரெண்டு மணி நேரம் உன்ன அப்படியே வெச்சுட்டு உக்காந்திருந்தேன்," என்றேன். நம் வேலையில் நோயாளியிடம் இப்படிச் சொல்கிற வழக்கம் இல்லை. சொல்லாமல் அவள் தலையை வார எனக்குக் கை வரவில்லை.

அவள் நான் வைத்த சீப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "கீரையாலதான்னு அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"எங்க அவரு?"

"கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கறார். நேத்துலேர்ந்து நிக்கறார். உள்ள வர பயம்."

"சாப்ட்டாரா?"

"இல்ல."

அவள் தலையணையில் சாய்ந்துகொண்டாள். "வரச் சொல்லுங்கக்கா," என்றாள். நான் கதவு வரை போனதும் பின்னாலிருந்து அந்தக் கரகரத்த குரல் வந்தது. "கீரை இனிமே நானே வாங்கிக்கறேன்னு சொல்லிக் கூட்டியாங்க."